‘ரென்ட்’ வேறு, ‘லீஸ்’ வேறா? சரவணம்பட்டியில் வீடு தேடுபவர்கள் குழம்பும் இரண்டு சொற்கள்: முழு விளக்கம்!

கோவை சத்தி ரோட்டில் கணபதி தாண்டி சரவணம்பட்டி பக்கம் போனால், கேட்டுக்குக் கேட் ‘டு-லெட்’ போர்டு தொங்கும். ஒரு பக்கம் ஐ.டி. வளாகங்கள், இன்னொரு பக்கம் கல்லூரிகள். கீரணத்தம், விளாங்குறிச்சி, சின்னவேடம்பட்டி, காளப்பட்டி என்று சுற்றியுள்ள ஊர்களிலும் வீடு தேடி அலைபவர்கள் எப்போதும் உண்டு. அந்த போர்டில் உள்ள நம்பருக்கு போன் போட்டால் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “ரென்ட்டுக்குங்களா, லீசுக்குங்களா?”

கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் இது ரொம்பச் சாதாரணமான கேள்வி. மாசாமாசம் பணம் கட்டினால் ரென்ட். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, வாடகையே இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டால் லீஸ். நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த அர்த்தம் இது.

ஆனால் இதே இரண்டு சொற்களுக்குச் சட்டப் புத்தகத்தில் இருக்கும் அர்த்தம் வேறு. ஆங்கில இணையதளங்களில் தேடினால் கிடைக்கும் அர்த்தம் அதைவிட வேறு. ஒரே சொல்லுக்கு மூன்று அர்த்தம் இருப்பதில் தப்பில்லை. அந்தச் சொல்லை நம்பி ஐந்து லட்சம், எட்டு லட்சம் என்று கையில் இருந்த சேமிப்பைக் கொடுக்கும்போதுதான் சிக்கல். ஒப்பந்தத் தாளில் ‘லீஸ்’ என்று எழுதியிருப்பதை நீங்கள் ஒரு மாதிரி புரிந்துகொள்ள, நீதிமன்றம் வேறு மாதிரி புரிந்துகொண்டால்?

முதலில் சுருக்கமாக...

* சட்டப்படி, லீஸ் என்பது ஏற்பாடு. ரென்ட் என்பது அந்த ஏற்பாட்டுக்குக் கொடுக்கும் விலை. இரண்டும் எதிரெதிர் சொற்கள் அல்ல.
* அமெரிக்கப் பேச்சுவழக்கில், லீஸ் என்றால் பெரும்பாலும் ஒரு வருடம் போன்ற நீண்டகால ஒப்பந்தம். ரென்ட் என்றால் மாதத்துக்கு மாதம் நீளும் ஏற்பாடு.
* தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில், லீஸ் என்றால் மொத்தப் பணம். ரென்ட் என்றால் மாத வாடகை.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன?

இரண்டுமே பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தவை. லீஸ் என்ற சொல்லின் வேர், ‘விடுவது’ என்று பொருள்படும் பிரெஞ்சு வினைச்சொல். தன் சொத்தைக் கொஞ்ச காலத்துக்கு இன்னொருவர் கையில் ‘விடுவது’தான் லீஸ். நாமும் ‘வீட்டை வாடகைக்கு விடுகிறேன்’ என்றுதானே சொல்கிறோம்? ரென்ட் என்ற சொல்லின் வேரோ ‘திருப்பிக் கொடுப்பது’ என்று பொருள்படும் லத்தீன் சொல். விட்டதற்கு ஈடாகத் திரும்பி வருவது ரென்ட்.

அதாவது, பிறக்கும்போதே ஒன்று செயலைக் குறித்தது. மற்றொன்று அந்தச் செயலுக்கு ஈடாக வரும் பணத்தைக் குறித்தது. (துணி கிழிசலைக் குறிக்கும் ‘ரென்ட்’ என்றும் ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. எழுத்து ஒன்றுதான், வேர் வேறு. அதற்கும் வாடகைக்கும் சம்பந்தமில்லை.)

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இதற்கான அடிப்படைச் சட்டம், 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 105-வது பிரிவு லீஸ் என்றால் என்ன என்று வரையறுக்கிறது. அசையாச் சொத்து ஒன்றை அனுபவிக்கும் உரிமையை, குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ, ஒரு விலைக்கு மாற்றிக் கொடுப்பதுதான் லீஸ் என்பது அதன் சாரம்.

அந்த விலை இரண்டு விதமாக இருக்கலாம். ஒரே தடவையில் கொடுத்துவிட்டால் அதற்குப் பெயர் ‘பிரீமியம்’. குறிப்பிட்ட இடைவெளியில் கொடுத்துக்கொண்டே இருந்தால் அதற்குப் பெயர் ‘ரென்ட்’. பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. விளைச்சலில் ஒரு பங்காகவோ, செய்யும் சேவையாகவோ இருக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. நம் கிராமங்களில் வயலைக் குத்தகைக்கு விட்டு, நெல்லில் ஒரு பங்கை ‘வாரம்’ என்று அளப்பார்களே, அதுவும் இதற்குள் அடங்கும். அந்தக் கணக்கில் குத்தகைதான் லீஸ், வாரம்தான் ரென்ட்.

இப்படிப் பார்த்தால், சரவணம்பட்டியில் மாசம் 12 ஆயிரம் வாடகை கொடுத்துக் குடியிருப்பவரும் சட்டத்தின் கண்ணில் ‘லீஸ்’ எடுத்தவர்தான்! ‘நான் ரென்ட்டுக்குத்தான் இருக்கேன், லீசுக்கு இல்லை’ என்று அவர் சொன்னால், ஊர் ஒத்துக்கொள்ளும்; சட்டப் புத்தகம் ஒத்துக்கொள்ளாது.

ஒரே ஆவணத்தில் இரண்டு சொல்லும்: முல்லைப் பெரியாறு உதாரணம்

இந்த உறவைப் புரிந்துகொள்ளத் தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் ஆவணம் இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணைக்காக 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் அன்றைய பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே கையெழுத்தான ஒப்பந்தம்தான் அது.

அதன் காலம் 999 ஆண்டுகள். அது லீஸ். நீர் தேங்கும் பகுதிக்கான 8,000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம், மொத்தம் 40,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று முடிவானது. அது ரென்ட். 1970-ல் இரு மாநிலங்களும் துணை ஒப்பந்தம் போட்டபோது இந்தத் தொகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. ரென்ட் மாறியது, லீஸ் மாறவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்றால் இப்படி ஒன்றை மட்டும் மாற்றியிருக்க முடியாது. இரண்டும் எதிரெதிர் என்றால் ஒரே ஆவணத்தில் இருந்திருக்கவே முடியாது.

அலுவலகங்களில் கேட்கும் ‘கார் லீஸ்’, விமான நிறுவனங்கள் விமானங்களை எடுக்கும் லீஸ் எல்லாம் இதே வகைதான். அங்கே மாதாமாதம் கட்டும் பணத்துக்கு ‘லீஸ் ரென்டல்’ என்றே பெயர். இரண்டு சொல்லும் கைகோத்து நடக்கும் இடம் அது.

அமெரிக்கக் கட்டுரைகள் ஏன் வேறு மாதிரி சொல்கின்றன?

‘ரென்ட்டுக்கும் லீசுக்கும் என்ன வித்தியாசம்’ என்று ஆங்கிலத்தில் தேடினால் முன்னால் வந்து நிற்பவை பெரும்பாலும் அமெரிக்க இணையதளங்கள். அங்கே ‘லீஸில் கையெழுத்துப் போட்டேன்’ என்றால், பொதுவாக ஒரு வருட ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டேன் என்று அர்த்தம். நடுவில் காலி செய்தால் மீதி மாதங்களுக்குப் பணம் கட்ட வேண்டி வரலாம். ‘ரென்ட்’ ஒப்பந்தம் என்றால் மாதத்துக்கு மாதம் நீண்டுகொண்டே போகும். நோட்டீஸ் கொடுத்துவிட்டு யாரும் விலகிக்கொள்ளலாம். அங்கே வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. பணத்தை மாதாமாதம் கட்டுவது இரண்டிலும் பொது.

அதைப் படித்துவிட்டு, ‘லீஸ் எடுத்தால் வாடகையை ஏற்ற மாட்டார்கள்’ என்ற ஆலோசனையை நம்மூர் லீசுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒன்றும் ஒட்டாது. நம்மூர் லீசில் ஏற்றுவதற்கு வாடகையே கிடையாது!

அப்படியென்றால் நம்மூர் ‘லீஸ்’ உண்மையில் என்ன?

அதற்கு ஏற்கெனவே தமிழில் பெயர் இருக்கிறது: ‘போக்கியம்’. சில ஊர்களில் ‘ஒத்தி’. வயதானவர்களைக் கேட்டால் ‘வீட்டை போக்கியத்துக்கு விட்டிருக்கேன்’ என்றுதான் சொல்வார்கள். ஒத்தியின் இலக்கிய வடிவம் ‘ஒற்றி’. மலையாளத்திலும் இதே சொல் இதே பொருளில் உண்டு.

போக்கியம் என்ற சொல், அனுபவிப்பது என்று பொருள்படும் ‘போகம்’ என்பதோடு தொடர்புடையது. கடன் கொடுத்தவர், வட்டிக்குப் பதிலாகக் கடன் வாங்கியவரின் வீட்டையோ நிலத்தையோ அனுபவிப்பார். அசல் திரும்பி வந்ததும் சொத்தை ஒப்படைப்பார். அதாவது, வீட்டுக்காரர் இங்கே கடன் வாங்குபவர். குடியிருக்க வருபவர்தான் கடன் கொடுப்பவர்!

இந்த ஏற்பாட்டை அதே 1882 சட்டம் 58-வது பிரிவில் ஒரு வகை அடமானமாக வைத்திருக்கிறது. தமிழில் ‘சுவாதீன அடமானம்’ என்பார்கள். இதற்கான ஆங்கிலச் சட்டச் சொல்லின் வேரும் ‘பயன்பாடு’, ‘பலன்’ என்ற இரண்டு லத்தீன் சொற்கள்தான். போக்கியம் சொல்வதையேதான் அதுவும் சொல்கிறது.

ஆக, தெருவில் ‘லீஸ்’ என்று சொல்வது பல நேரங்களில் சட்டத்தில் ‘அடமானம்’. சட்டத்தில் ‘லீஸ்’ என்று சொல்வது தெருவில் ‘வாடகை’. குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது!

வெறும் சொல் விளையாட்டு என்று விட்டுவிட முடியாது. உங்கள் பணம் எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்பது, அந்த ஒப்பந்தம் எந்த வகையில் சேர்கிறது என்பதைப் பொறுத்தே அமையும்.

ஒப்பந்தம் சுவாதீன அடமானம் என்றால், பணம் கைக்கு வரும்வரை வீட்டைத் தன் சுவாதீனத்தில் வைத்திருக்கும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. அதுதான் அவரது பிடிமானம். ஆனால் ஒரு நிபந்தனை: அசல் தொகை 100 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், இந்த வகை அடமானத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது 59-வது பிரிவு. இன்றைக்கு 100 ரூபாய்க்கு யார் வீட்டைக் கொடுக்கிறார்கள்? எனவே நடைமுறையில் எல்லாவற்றையும் பதிய வேண்டும்.

ஒப்பந்தம் சாதாரண லீஸ், கொடுத்த பணம் வெறும் டெபாசிட் என்றால் நிலைமை வேறு. காலம் முடிந்ததும் வீட்டை ஒப்படைப்பது குடியிருப்பவரின் கடமை. டெபாசிட் என்பது வீட்டுக்காரர் தர வேண்டிய தனிக் கடன். அவர் தராவிட்டால், பத்திரத்தின் பலம் இல்லாத ஒரு கடன்காரராகத்தான் நீங்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.

எழுதியிருக்கும் தலைப்பை மட்டும் பார்த்து நீதிமன்றங்கள் முடிவு செய்வதில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது, இருவரின் நோக்கம் என்ன என்றுதான் பார்க்கின்றன. ஆனால் நம்மூர் வழக்கமோ, 11 மாதம் என்று போட்ட ஒரு முத்திரைத்தாளில் ‘லீஸ் அக்ரிமென்ட்’ என்று தலைப்பிட்டு, ‘தொகையைப் பெற்றுக்கொண்டேன், காலி செய்யும்போது திருப்பித் தருவேன்’ என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவது. அது அடமானமா, லீசா, டெபாசிட்டா? பிரச்சினை வரும் வரைக்கும் அந்தக் கேள்வி இரண்டு பேருக்கும் தோன்றுவதே இல்லை.

லீஸ் லாபமா? ஒரு சின்னக் கணக்கு

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். வீட்டு வாடகை மாசம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடத்துக்கு 2,88,000 ரூபாய். அது திரும்பி வராது.

அதே வீட்டை 8 லட்சத்துக்கு லீஸ் எடுத்தால்? அந்த 8 லட்சத்தை 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டிருந்தால் வருடத்துக்கு 56,000 ரூபாய் வந்திருக்கும். அதை இழக்கிறீர்கள். மாசக் கணக்கில் சுமார் 4,700 ரூபாய். வாடகையைவிடப் பாதிக்கும் குறைவு! லீஸ் ஏன் இவ்வளவு பேரை இழுக்கிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் கையில் பணம் இல்லாமல், 14 சதவீத வட்டியில் பர்சனல் லோன் போட்டு லீஸ் எடுத்தால், வட்டி மட்டும் மாசம் 9,300 ரூபாயைத் தாண்டும். அப்போது மிச்சம் ரொம்பக் குறைவு.

முக்கியமான கணக்கு இனிமேல்தான். அந்த 8 லட்சம் திரும்பி வராமல் போனால்? அது 66 மாத வாடகைக்குச் சமம். ஐந்தரை வருட வாடகையை ஒரே கையெழுத்தில் இழப்பது போல. வாடகைக்கு இருப்பவர் ஏமாந்தால் இரண்டு, மூன்று மாத அட்வான்ஸ் போகும். லீசுக்கு இருப்பவர் ஏமாந்தால் சேமிப்பே போகும்.

எங்கே சறுக்குகிறது?

முதல் ஆபத்து, வீட்டின் மேல் ஏற்கெனவே இருக்கும் வங்கிக் கடன். லீசுக்கு விடுபவருக்கு மொத்தமாகப் பணம் தேவைப்படுகிறது என்பதுதானே அடிப்படை? அவர் அதற்கு முன்பே வங்கியிலும் கடன் வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

வங்கியில் அடமானத்தில் இருக்கும் வீட்டை உரிமையாளர் வாடகைக்கு விடலாமா? விடலாம் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 65-ஏ பிரிவு. ஆனால் நியாயமான நல்ல வாடகைக்கு விட வேண்டும். மொத்தத் தொகையாக பிரீமியம் வாங்கக் கூடாது. வாடகையை முன்கூட்டியே வாங்கவும் கூடாது. கட்டடம் என்றால் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது என்று நிபந்தனை போடுகிறது. கவனியுங்கள்: மாத வாடகை சரி, மொத்தப் பணம் கூடாது. சட்டமே இந்த இடத்தில் ‘ரென்ட்’டையும் நம்மூர் ‘லீஸை’யும் பிரித்துப் பார்க்கிறது! போதாததற்கு, வங்கியின் அனுமதி இல்லாமல் யாருக்கும் விடக் கூடாது என்று கடன் ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பதும் வழக்கம்.

கடன் கட்டாமல் போனால் 2002-ம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வீட்டைக் கைப்பற்றி ஏலத்துக்குக் கொண்டு போகலாம். நோட்டீஸ் வந்த பிறகு, வங்கியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அந்த வீட்டைப் புதிதாக யாருக்கும் லீசுக்கு விடவும் முடியாது. உள்ளே குடியிருப்பவர் தன் உரிமையைக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். கோவையிலும் அந்தத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஆனால் அங்கே முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, ஒப்பந்தம் எப்போது போடப்பட்டது, முறைப்படி பதிவானதா என்பதுதான்.

இரண்டாவது ஆபத்து, இடையில் நிற்பவர். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் போலீஸ் வரை போன லீஸ் மோசடிகளில் ஒரு பாணி இருக்கிறது. இடைத்தரகர் வீட்டுக்காரரிடம் போய், ‘மாசம் இவ்வளவு ரென்ட் நானே தருகிறேன், வீட்டை நானே பராமரிக்கிறேன்’ என்பார். அதே வீட்டைக் குடியிருக்க வருபவரிடம் ‘லீஸ்’ என்று காட்டி மொத்தப் பணத்தை வாங்கிக்கொள்வார். சில மாதம் வீட்டுக்காரருக்கு வாடகை ஒழுங்காகப் போகும். பிறகு ஒருநாள் நின்றுவிடும். வாடகை வரவில்லை என்று வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்போதுதான், ‘நாங்க லீசுக்கு இருக்கோம்’ என்று உள்ளே இருப்பவர் சொல்வார். ஒரே வீடு; ஒருவருக்கு அது ரென்ட், இன்னொருவருக்கு லீஸ். நடுவில் இருந்தவரைக் காணோம்.

11 மாதம் போட்டால் பதிவு வேண்டாமா?

இது பரவலான நம்பிக்கை. இதற்குக் காரணம் உண்டு. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீஸை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டமும் சொத்து மாற்றுச் சட்டமும் சொல்கின்றன. அந்தச் செலவைத் தவிர்க்கவே 11 மாதம் என்ற வழக்கம் வந்தது.

ஆனால் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது, வீட்டு உரிமையாளர் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017-ம் ஆண்டுச் சட்டம். 1960-ம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் இதனால் ரத்தானது. பழைய சட்டத்தின் பெயரிலேயே இரண்டு சொல்லும் இருந்ததைக் கவனிக்கலாம்.

புதிய சட்டப்படி, வாடகை ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். 11 மாதமாக இருந்தாலும் இது பொருந்தும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போடத் தவறியதையே காரணம் காட்டி, வீட்டைக் காலி செய்யச் சொல்லி விண்ணப்பிக்கவும் இந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாத பட்சத்தில், டெபாசிட் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் இச்சட்டம் சொல்கிறது.

இங்கேதான் நம்மூர் லீஸ் மறுபடி இடறுகிறது. மாச வாடகையே இல்லாத ஏற்பாட்டில் ‘மூன்று மடங்கு’ என்று எதைப் பெருக்குவது? சட்டம் மனதில் வைத்து எழுதப்பட்டது ரென்ட். மொத்தப் பணத்துக்கு விடும் லீஸ் அதன் சட்டகத்துக்குள் சரியாக உட்காரவில்லை. அதனால்தான் பெரிய தொகை கொடுப்பவர்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் முறையாகப் பதிவதை விட்டுவிடக் கூடாது.

பி.ஜி.யில் தங்குபவர்கள் எந்தக் கணக்கில் வருகிறார்கள்?

சரவணம்பட்டியில் ஆயிரக்கணக்கானவர்கள் விடுதிகளிலும் பி.ஜி.க்களிலும் தங்குகிறார்கள். மாசாமாசம் கட்டும் பணத்தை ‘ரென்ட்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் சட்டத்தில் அது பெரும்பாலும் லீஸே அல்ல. ‘லைசென்ஸ்’, அதாவது தங்கிக்கொள்ள ஓர் அனுமதி. அறையின் முழுச் சுவாதீனம் தங்குபவருக்கு மாறுவதில்லை. சாவியும் கட்டுப்பாடும் நடத்துபவரிடம்தான். லீசுக்கும் லைசென்சுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை உச்ச நீதிமன்றம் 1959-லேயே ஒரு ஹோட்டல் வழக்கில் விளக்கியிருக்கிறது. ஆக, ரென்ட் என்ற சொல் இருக்கும் இடத்தில் எல்லாம் வாடகைதாரர் உரிமை இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வரிச் சலுகை கிடைக்குமா?

சம்பளத்தில் வீட்டு வாடகைப்படி வாங்குபவர்களுக்கு இந்தக் கேள்வி முக்கியம். பழைய வரி முறையைத் தேர்வு செய்தவர்களுக்கு அதில் வரிவிலக்கு கிடைக்கும். ஆனால் அது ‘கட்டிய வாடகை’க்குத்தான். போக்கியத்தில் வாடகை என்று எதுவும் கட்டாததால், காட்டுவதற்கு ரசீதும் இல்லை, விலக்கும் இல்லை. லீஸ் லாபமா என்று கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட கடனையோ டெபாசிட்டையோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. ‘பாதியை கேஷா குடுத்துடுங்க’ என்று யாராவது சொன்னால், சட்டத்தையும் மீறுகிறோம், நம் பணத்துக்கான ஆதாரத்தையும் இழக்கிறோம்.

நமக்கு மட்டும்தான் இந்த வழக்கமா?

இல்லை. தென் கொரியாவில் ‘ஜொன்சே’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. வீட்டின் மதிப்பில் பாதிக்கும் மேற்பட்ட தொகையைக்கூட மொத்தமாகக் கொடுத்துவிட்டு, பொதுவாக இரண்டு வருடம் வாடகை இல்லாமல் குடியிருப்பார்கள். அப்படியே நம்மூர் போக்கியம்! மாத வாடகைக்கு அங்கே ‘வோல்சே’ என்று தனிச் சொல். இரண்டையும் அவர்கள் குழப்பிக்கொள்வதில்லை.

இருந்தும் வீட்டு விலை சரிந்தபோது பலருக்கு அந்தத் தொகை திரும்பி வரவில்லை, மோசடிகளும் அம்பலமாயின. பாதிக்கப்பட்டவர்களுக்காக 2023 மே மாதம் அந்நாட்டு நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. சொல் தெளிவாக இருந்தும் ஏமாற்றம் நடக்கிறது என்றால், சொல்லே குழப்பமாக இருக்கும் நம்மூரில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்?

பணம் கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

1. ‘ரென்ட்டா, லீசா’ என்பதோடு நிறுத்தாதீர்கள். கொடுக்கும் தொகை திரும்பி வருமா, எப்போது, எந்த நிபந்தனையில் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

2. வில்லங்கச் சான்றிதழ் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். ஏற்கெனவே அடமானம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும்.

3. அதோடு விடாமல், மூலப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ‘பத்திரம் பேங்க்ல இருக்குங்க’ என்ற பதில் வந்தால், வீடு கடனில் இருக்கிறது என்று அர்த்தம். வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் மொத்தப் பணம் கொடுப்பது ஆபத்து.

4. உரிமையாளரை நேரில் பாருங்கள். பத்திரம், சொத்து வரி ரசீது, மின் இணைப்பு ஆகியவற்றில் உள்ள பெயரும் அவர் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். பவர் ஆஃப் அட்டர்னி வைத்திருப்பவர் என்றால், அதில் அடமானம் வைக்கவும் பணம் வாங்கவும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

5. பணம் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போகட்டும். தரகர் கணக்குக்கோ நிறுவனத்தின் கணக்குக்கோ வேண்டாம்.

6. போக்கியம்தான் என்றால் அதை ‘சுவாதீன அடமானம்’ என்ற பெயரிலேயே எழுதிப் பதிவு செய்ய முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் செலவுதான். ஆனால் அந்தச் செலவு, கொடுக்கும் தொகைக்கு நீங்கள் வாங்கும் பூட்டு.

7. மாத வாடகை என்றால், ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் பதிந்து பதிவு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது டெபாசிட்டில் எதற்கெல்லாம் பிடித்தம் என்பதையும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக...

ரென்ட், லீஸ் இரண்டும் ஆங்கிலச் சொற்கள்தான். ஆனால் அவற்றுக்கு நாம் கொடுத்திருக்கும் அர்த்தம் முழுக்க முழுக்க நம்முடையது. அதில் தப்பொன்றும் இல்லை. சொற்கள் ஊருக்கு ஊர் இப்படித்தான் மாறும். வாடகை, குத்தகை, வாரம், போக்கியம், ஒத்தி என்று ஒவ்வொரு ஏற்பாட்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்த மொழி நம்முடையது. அவற்றில் சிலவற்றை ‘லீஸ்’ என்ற ஒரே பைக்குள் போட்டுக் கட்டிவிட்டோம்.

அதனால் அடுத்த தடவை “ரென்ட்டுக்குங்களா, லீசுக்குங்களா?” என்று கேட்டால், “லீசுன்னா வாடகையா, போக்கியமாங்க?” என்று திருப்பிக் கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்லும் பதிலும் பத்திரத்தில் எழுதியிருப்பதும் ஒன்றாக இருந்தால் மட்டும் பணத்தை எடுங்கள்.